தலைக்கட்டு வரி

எங்கள் பங்காளிகளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. சிவகாசியில் பைண்டிங் செய்த, நீளமான கணக்கு நோட்டு. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் வருஷங்களில் அதை வெளியே எடுப்பார்கள். தலைக்கட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, பணம் வந்துசேர்ந்ததும் பெயருக்கு நேரே ஒரு டிக் அடிப்பார்கள். கல்யாணம் ஆகும்வரை ஒருவன் அப்பா பெயருக்குள் அடக்கம். கல்யாணம் ஆனபின் தனித் தலைக்கட்டு. அவன் பெயர் தனியாக ஏறும். ஒரு ஆள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறான் என்பதற்கு ரேஷன் கார்டைவிட இந்த நோட்டுத்தான் எங்கள் பக்கத்தில் பெரிய சாட்சி.

என் சித்தப்பா பெயர் அதில் ஏறவே இல்லை. அச்சகத்தில் அவரோடு வேலை பார்த்த பெண்ணை, வேறு சாதிப் பெண்ணை, அவர் கட்டிக்கொண்டபோது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அடித்து விரட்டவில்லை, சொத்தில் பங்கு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு குறுக்கம் கரிசல் காட்டைப் பாகம் பிரித்து அவர் பெயரில் எழுதியே கொடுத்தார்கள். வரி மட்டும் வாங்கமாட்டோம் என்றார்கள். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். வரி வாங்கவில்லை என்றால் பொங்கல் பானை வைக்க இடம் கிடையாது. கிடாய் வெட்டினால் கறியில் பங்கு கிடையாது. செத்தால் நீர்மாலைக்குப் பங்காளி வரமாட்டான்.

ஒவ்வொரு தடவையும் சித்தப்பா வரிப் பணத்தை வெள்ளைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போவார். திண்ணையில் உட்கார்ந்திருப்பார். யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பிறகு நடந்து பஸ் ஏறி, இருக்கன்குடிக்குப் போய், மாரியம்மன் உண்டியலில் அதைப் போட்டுவிட்டு வீடு திரும்புவார். ஒருமுறை கூடப் போனேன். "வாங்க மாட்டாகன்னு தெரிஞ்சும் ஏன் சித்தப்பா கொண்டு போறீக?" என்று கேட்டேன். "வாங்குறதும் வாங்காததும் அவுக பாடு. நான் கொண்டு போகலேன்னா எம்பேரை நானே வெட்டிக்கிட்ட மாதிரில்ல ஆயிப்போகும்" என்றார்.

2020 ஜனவரி 8 அன்று இங்கிலாந்து இளவரசர் ஹாரியும் அவர் மனைவி மேகனும் அரச குடும்பத்தின் முன்வரிசைப் பொறுப்புகளிலிருந்து விலகுவதாக அறிவித்தபோது எனக்கு இந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. அவர்களுக்கும் வீடு இருந்தது, பணம் இருந்தது. நாங்கள் இருவரும் உழைத்துச் சம்பாதித்துக்கொண்டு, அரசிக்காகவும் கொஞ்சம் வேலை செய்கிறோம் என்றுதான் கேட்டார்கள். பாதி உள்ளே, பாதி வெளியே. அரண்மனை அதற்கு ஒப்பவில்லை. இருந்தால் முழுதாக இரு, போனால் முழுதாகப் போ என்றது. மேன்மை தங்கிய என்ற அடைமொழியை அவர்கள் இனிப் பயன்படுத்துவதில்லை என்று முடிவாயிற்று. வரி வாங்கமாட்டோம் என்பதன் லண்டன் வடிவம் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன்.

ஆனால் இதற்கு லண்டன் வரை போகவேண்டியதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் புதுக்கோட்டையிலேயே இது நடந்திருக்கிறது. நம் ஆட்கள் அதை அதிகம் பேசுவதில்லை.

தொண்டைமான்களின் புதுக்கோட்டை, நாலுபுறமும் வெள்ளைக்கார ஜில்லாக்கள் சூழ்ந்த தனிச் சமஸ்தானம். அந்த அரசர்களின் பெயருக்கு முன்னால் பிரகதாம்பாள் தாசர் என்று வரும். அம்மன்தான் ஆள்கிறாள், அரசன் அவள் ஊழியன் என்ற பாவனை. அங்கே புழங்கிய சின்னஞ்சிறு செப்புக் காசுக்கும் அம்மன் காசு என்றே பெயர். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய என்ற எழுத்து. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து அந்தக் காசை ஜனங்களுக்குக் கொடுப்பார்கள். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1875இல் பிறந்தவர். ராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரன், தத்தெடுக்கப்பட்டு 1886இல், பதினோரு வயதுகூட நிரம்பாத நிலையில் பட்டத்துக்கு வந்தார். வெள்ளைக்கார ஆசிரியரிடம் படித்தார். 1894இல் முழு அதிகாரம் கைக்கு வந்தது. வளர வளர அவருக்கு ஐரோப்பா பிடித்துப்போயிற்று.

1915இல் ஆஸ்திரேலியா போன இடத்தில் எஸ்மி மேரி சோரெட் ஃபிங்க் என்ற பெண்ணைச் சந்தித்தார். எல்லோரும் மாலி என்று கூப்பிட்ட மெல்போர்ன் பெண். வயது இருபது. ஆகஸ்ட் 10ஆம் தேதி மெல்போர்னில் பதிவுத் திருமணம். மேளமில்லை, அம்மன் இல்லை, பங்காளிகள் இல்லை. ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடியும் கரித்தும் எழுதின.

இந்தக் கல்யாணத்தை இரண்டு தரப்பார் ஏற்கவில்லை. ஒரு தரப்பு அரண்மனை உறவுகளும் சமஸ்தானத்துச் சனாதனிகளும். இன்னொன்று வெள்ளைக்கார அரசாங்கம். இந்திய அரசன் ஒருவன் வெள்ளைக்காரப் பெண்ணை மணப்பதைக் கர்சன் காலத்திலிருந்தே அவர்கள் வெறுத்தார்கள். ஆளுகிற நிறத்துப் பெண் ஆளப்படுகிறவன் வீட்டில் குடியிருப்பதா என்ற கேள்வி அதற்குள் இருந்தது. ஒருவரை ஒருவர் தீண்டத் தயங்கிய இரண்டு கூட்டமும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. சாதி என்றும் இனம் என்றும் வேறு வேறு பெயர் வைத்திருந்தாலும் இரண்டு கூட்டமும் காவல் காத்த வேலி ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மாலியை ராணியாக ஒப்புக்கொள்ளமுடியாது, அவள் வயிற்றுப் பிள்ளைக்குப் பட்டமில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. கணவன் ராஜா. மனைவிக்கு அந்த அரண்மனையில் பெயரே இல்லை.

அவர்கள் புதுக்கோட்டைக்கு வந்து சில மாதங்கள் இருந்தார்கள். கர்ப்பமாக இருந்த மாலிக்கு உடம்பு கெட்டது. யாரோ அரளி விஷம் கொடுத்திருக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. செய்தவர் யார், உண்மையில் செய்தார்களா என்று யாரும் நிரூபித்ததில்லை. ஆனால் அரளி என்ற சொல்லை வாசித்ததும் அதைத் தாண்டிப் போக முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் அரளியைத் தெரியாத குழந்தை கிடையாது. நாற்கரச் சாலைக்கு நடுவில் நிற்பது அரளி. இருக்கன்குடிக் கடைகளில் அம்மனுக்கென்று கட்டித் தொங்கவிடுவது செவ்வரளி மாலை. வீட்டில் சண்டை முற்றி மனமுடைந்த பெண்கள் அரைத்துக் குடித்ததும் அதைத்தான். ஒரே செடி. அம்மன் கழுத்துக்குப் போவதும் வேண்டாத மருமகளின் வயிற்றுக்குப் போவதாக ஊர் பயப்படுவதும் அதுவே. மெல்போர்னில் பிறந்த ஒரு பெண்ணுக்கு அந்தச் செடியின் பெயரை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

இருவரும் ஊரை விட்டுப் போனார்கள். 1916இல் சிட்னியில் மகன் பிறந்தான். பிறந்த ஊரின் பெயரையே சேர்த்து மார்த்தாண்ட சிட்னி என்று பெயர் வைத்தார்கள். சில வருஷம் ஆஸ்திரேலியா, பிறகு ஐரோப்பா, கடைசியில் தெற்கு பிரான்சின் கான் நகரம். மகனுக்குப் பட்டம் வாங்க அவர் செய்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை. முடிவில் ஒரு தொகைக்குச் சம்மதித்து நிர்வாகத்தை விட்டுக்கொடுத்தார். 1922இல் உடன்பிறந்தவரான விஜயரகுநாத துரைராஜா அவருக்குப் பதில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ராஜா என்ற பட்டம் மட்டும் மார்த்தாண்டரிடம் மிஞ்சியது. சித்தப்பா தன் பெயரைத் தானே வெட்டமாட்டேன் என்றார். மார்த்தாண்ட பைரவரைக் கையெழுத்துப் போடவைத்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றி நான் பலநாள் யோசித்திருக்கிறேன். பணம் வாங்கினாரே, சுகமாகத்தானே இருந்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு. கான் நகரத்துக் கடற்கரை மாளிகையில் ஒருவர் சுகமாக இருந்திருக்கலாம். நான் மறுக்கவில்லை.

1928 மே 28 அன்று பாரிஸில் அவர் இறந்தார். உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர வெள்ளைக்கார அரசாங்கம் அனுமதிக்கவில்லை. லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் எரியூட்டு நிலையத்தில் தகனம் நடந்தது. மகனுக்கு வயது பதினொன்று. அந்த வருஷமே, நவம்பரில், உறவுக் கிளையிலிருந்து ஆறு வயதுப் பையன் ஒருவன் புதுக்கோட்டையில் பட்டம் ஏறினான். அவர்தான் ராஜகோபாலத் தொண்டைமான்.

ஒரு மனிதன் செத்தபின் அவனிடமிருந்து அரண்மனைக்கு என்ன ஆபத்து வரமுடியும்? என் ஊர் வழக்கத்தை வைத்துத்தான் இதற்கு எனக்குப் பதில் தெரியும். உடல் ஊருக்கு வந்தால் கொள்ளி வைக்கவேண்டும். கொள்ளி வைக்கிறவன் யார் என்ற கேள்வி வரும். பதினோரு வயது சிட்னி கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்திருந்தால், வாரிசு யார் என்பதை ஊரே கண்ணால் பார்த்துவிடும். எந்தச் சட்டக் காகிதமும் அதற்குப் பிறகு நிற்காது. அரசாங்கத்தின் மனதில் இது ஓடியதா என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் எங்கள் பங்காளிகள் மனதில் ஓடியது இதுதான். சித்தப்பா இறந்த அன்று நீர்மாலைக்கு எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை. அவர் மகன், என் தம்பி, தாய்மாமன்களோடு போய்த் தண்ணீர் எடுத்து வந்தான். நான் அந்தத் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். கூட நடக்கவில்லை. அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைச் சில வருஷத்துக்கு முன்னால் என்னால் எழுதியிருக்க முடியாது.

மார்த்தாண்ட பைரவரின் ஊர்திரும்பலைத் தடுத்த சாம்ராஜ்யத்துக்கு அப்போது தலைவர் ஐந்தாம் ஜார்ஜ். 1936 ஜனவரியில் அவர் இறந்தார். ஆண்டு முடிவதற்குள், டிசம்பரில், அவருடைய மூத்த மகன் எட்டாம் எட்வர்ட், விவாகரத்தான அமெரிக்கப் பெண் வாலிஸ் சிம்ப்சனுக்காக முடியைத் துறந்தார். அந்த நெருக்கடியான நாட்களில் வாலிஸ் போய் ஒளிந்திருந்தது கான் நகரத்து நண்பர்கள் வீட்டில். மார்த்தாண்ட பைரவர் போய் ஒதுங்கிய அதே கான். 1937இல் அவர்களுக்குக் கல்யாணம் ஆனபோது கணவருக்கு மேன்மை தங்கிய அடைமொழி உண்டு, மனைவிக்கு இல்லை என்று பிரத்தியேக ஆணை பிறப்பித்தார்கள். மாலிக்குச் செய்ததையே தங்கள் வீட்டு மருமகளுக்கும் செய்தார்கள். எட்வர்டும் பாரிஸில்தான் இறந்தார். 1972 மே 28. தேதியும் ஊரும் ஒன்றாக இருப்பது தற்செயல். அவரது உடலை விமானத்தில் விண்ட்சருக்குக் கொண்டுபோய் ஃபிராக்மோரில் குடும்ப மயானத்தில் புதைத்தார்கள். 1986இல் வாலிஸ் இறந்தபோது அவரையும் பக்கத்திலேயே வைத்தார்கள். அந்த மண்ணை அவர்களுக்குக் கொடுத்தார்கள். புதுக்கோட்டைக்காரருக்குக் கொடுக்கவில்லை.

அரசை விட்டுப்போகிறவனை நம் மரபு வெறுத்ததா என்றால் அப்படியும் இல்லை. அண்ணன் செங்குட்டுவன் இருக்கத் தம்பிக்கு அரச யோகம் என்று நிமித்திகன் சொன்னதால், அந்தச் சொல் பொய்க்கட்டும் என்று துறவு பூண்டு குணவாயிற் கோட்டத்துக்குப் போனவராக இளங்கோவைப் பற்றிச் சொல்லும் கதையைப் பள்ளிக்கூடத்திலிருந்து தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறோம். காவி கட்டிக்கொண்டு போகிறவனுக்கு நாம் வழி விடுகிறோம். ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவனைத்தான் பொறுப்பதில்லை. துறவி வாரிசு பெறமாட்டான், பங்கு கேட்கமாட்டான், அவன் போனதால் கணக்கில் சிக்கலில்லை. காதலித்துப் போனவனுக்குப் பிள்ளை பிறக்கும். பிள்ளை ஒருநாள் வந்து நிற்கும்.

வீட்டுச் சண்டை வெளியே வருவதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஹாரியின் தரப்பில் எனக்குச் சாய்வு உண்டு, ஆனாலும் இந்த இடத்தில் நான் தடுமாறுகிறேன். 2018இல் மேகன் தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தின் பகுதிகளை ஒரு லண்டன் பத்திரிகை அச்சிட்டது. அவர் வழக்குப் போட்டு 2021இல் வென்றார். கடிதத்தாள் தந்தையிடம் இருக்கலாம், அதில் எழுதியிருப்பது எழுதியவளுடையது என்று நீதிமன்றம் கண்டது. அது சரியான தீர்ப்பு. ஹாரியும் பத்திரிகைகள்மீது வழக்குத் தொடுத்தார். 2023 டிசம்பரில் மிரர் குழுமம் முறைகேடாகச் செய்தி திரட்டியது நிரூபணமாகி, அவருக்கு 1,40,600 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. ஆனால் அதே வருஷம் ஜனவரியில் வந்த தன் புத்தகத்தில், அண்ணன் தன்னைத் தரையில் தள்ளிய சண்டையை அவரே உலகத்துக்குச் சொல்லியிருந்தார். அவர் பக்கத்து உண்மை அது. அண்ணனுக்கும் ஒரு வீடு, ஒரு கதவு உண்டே.

இருக்கன்குடியில் நான் சிறுவனாகப் பார்த்த காட்சி ஒன்று உண்டு. ஆடி கடைசி வெள்ளிக்கு ஊர் ஊராக ஜனம் வந்து இறங்கும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடம் அது. இரு கங்கைக் குடிதான் இருக்கன்குடி ஆயிற்று என்பார்கள். நான் பார்த்த காலத்தில் இரண்டும் பெரும்பாலும் மணல்தான். அந்த மணலில் அக்கினிச்சட்டியோடு ஆடிவரும் பெண்ணுக்கு அருள் வந்தால், அதுவரை வாய் திறக்காதவள் புருஷன் வீட்டில் நடந்தது அத்தனையும் சொல்வாள். மாமியார், நாத்தனார், கொழுந்தன், பெயர் சொல்லிச் சொல்வாள். குடும்பத்துப் பெரியவர்களே கைகட்டி நின்று கேட்பார்கள். "சொல்லு தாயி" என்பார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஆற்றுவார்கள். சுற்றி நின்று கேட்டவர்கள் நூறு பேர். ஆனால் ராத்திரி பஸ்ஸில் அந்த நூறு பேரும் நூறு ஊருக்குப் போய்விடுவார்கள். சொன்னவள் ஆறினாள், சொல்லப்பட்டவன் அடுத்த நாள் வேலைக்குப் போகமுடிந்தது. வீட்டுக்கும் வெளிக்கும் நடுவில் எங்கள் ஜனம் உண்டாக்கிவைத்திருந்த ஓர் இடம் அது.

அச்சில் ஏறியது அப்படிக் கரையாது. அச்சு எங்கள் ஜில்லாவின் சோறு, அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் சிவகங்கை ஜமீனை நினைத்துப் பார்க்கிறேன். 1829இல் கௌரி வல்லப உடையத் தேவர் இறந்ததிலிருந்து சொத்து யாருக்கு என்று தொடங்கிய வழக்கு 1863இல்தான் லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. மகள் கட்டம நாச்சியார் வென்றார். முப்பத்துநாலு வருஷம். அண்ணன் தம்பி சேர்ந்து வாழ்ந்தார்களா பிரிந்து வாழ்ந்தார்களா, எத்தனை மனைவியர், யார் வயிற்றில் யார் என்று ஒரு வீட்டின் உள்கட்டு முழுவதும் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. இன்றைக்கும் இந்துச் சட்டம் படிக்கிற மாணவன் அந்த வழக்கைப் படிக்கிறான்.

நம் நாட்டு அரசர்கள் எல்லோரும் பிறகு அரசை விட்டார்கள், அல்லது அரசு அவர்களை விட்டது. 1948 மார்ச் 3 அன்று ராஜகோபாலத் தொண்டைமான் புதுக்கோட்டையை இந்தியாவோடு இணைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. 1971இல் அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம் மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் ஒழித்தது. ராஜகோபாலத் தொண்டைமான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1997இல் இறந்தார். அவர்கள் அரண்மனையில் இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது. ஒரு காகிதத்துக்காக அங்கே நான் ஒரு பகல் முழுதும் காத்திருந்திருக்கிறேன். முதியோர் உதவித்தொகை மனுவோடு ஒரு பாட்டி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாலியை ஏற்காத வம்சத்தின் அரண்மனை யார் வேண்டுமானாலும் வந்து உட்காரும் இடமாகியிருந்தது. அது எனக்கு நிறைவாக இருந்தது. மாலி 1967 வரை உயிரோடு இருந்தார். கான் நகரத்தில் இறந்தார். 1991இல் ஆஸ்திரேலியாவில் எட்வர்ட் டைக்கரும் கோரலி யங்கரும் மாலியையும் மார்த்தாண்டரையும் பற்றிப் புத்தகம் எழுதினார்கள். தமிழில் இதை ஒருவர் உட்கார்ந்து எழுதவேண்டும்.

சித்தப்பா போய் ஏழு வருஷம் ஆகிறது. நோட்டு வைத்திருந்த பெரியவர் கண் மங்கிப்போனதால் இந்த முறை அதை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமையே தம்பியைப் பார்க்கப் போனேன். அவனும் அச்சகத்தில்தான் வேலை. காலண்டர் சீசன், கையெல்லாம் மை. உன் பெயரை ஏற்றலாம் என்றிருக்கிறேன், சண்டை வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு, நோட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினான். அவன் அப்பா பெயர் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று தேடுகிறான் என்று நினைத்தேன்.

"இதுல பொம்பளையாள் பேரு ஒண்ணுகூட இல்லையேண்ணே" என்றான்.

எழுதும் வழக்கமில்லை என்றேன்.

"எங்கம்மா இருக்குல்ல. அது பேரையும் எழுதுவீகளா?"

உள்ளே சித்தி தட்டில் சோறு போடும் சத்தம் கேட்டது. "வந்தவுகளைச் சாப்பிடச் சொல்லுடா" என்றாள். நோட்டுக்குள் வைத்திருந்த பேனாவை எடுத்தேன். வரிசை எண், தலைக்கட்டு பெயர், தகப்பனார் பெயர், தொகை. நாலு கட்டம்தான் போட்டிருந்தது.